வளைகாப்புக்கு வர வேண்டாம்

காஜா பெராங், மலாக்கா
27.5.1957

அன்பு மிகுந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சந்திரமதி வணங்கி எழுதுவது. நானும் அக்காவும் மாமாவும் நலமாக இருக்கிறோம். அப்பாவின் இருமல் குறைந்ததா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கோபத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் வளைகாப்புக்கு வர வேண்டாம் என்று நான் எழுதியதற்கான அந்தக் கோபம் வாத்தியார் தியாகு அவர்களின் அழகான கையெழுத்தில் வந்து சேர்ந்தது. "நாலு எழுத்து படிக்க வெச்சது பெத்தவள வாசல்ல நிறுத்தத்தானா" என்று நீங்கள் சொன்னதை அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதியிருக்கிறார். வாத்தியாருக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தை அவர் உங்களுக்கு வாசிக்கும்போது தோட்டத்து லயத்தில் பத்துப் பேராவது சுற்றி உட்காருவார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தத் தடவை அவர்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். காரணம் கீழே வருகிறது.

அம்மா, சிங்கப்பூரிலிருந்து வந்த ஃப்ளூ காய்ச்சல் இப்போது மலாக்காவிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். எனக்கும் வேலை இல்லாமல் போனது. சுகாதார அலுவலகத்தில் தமிழில் அறிவிப்பு எழுத ஆள் தேடியபோது எங்கள் தலைமையாசிரியை என் பெயரைச் சொல்லிவிட்டார். நான் எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் வந்தவர் ஒரு வாரம் வெளியே போகக்கூடாது. இருமும்போது துணியால் வாயை மூடி, அந்தத் துணியைக் கொதிநீரில் போட வேண்டும். தட்டும் கோப்பையும் தனியாக இருக்க வேண்டும். சன்னலை அடைக்கக்கூடாது. மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோயாளியைப் பார்க்க யாரும் போக வேண்டாம், கூட்டமும் கூட்ட வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகளும், முதியவர்களும், நெஞ்சு இருமல் உள்ளவர்களும் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். இந்தப் பகுதியை வாத்தியார் இரண்டு முறை வாசிக்கட்டும். கடைசி வரி அப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

எழுதியதோடு என் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டவும் என்னையே அனுப்பினார்கள். தெரியாத வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்க எனக்கு எவ்வளவு கூச்சம் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாள் மூன்று வாசல்களில் நின்று, யாரும் வெளியே வருவதற்குள் திரும்பிவிட்டேன். இப்போது பரவாயில்லை.

இப்படி நாலு இடம் போய் வருவதால் நான் அக்காவின் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. வீட்டுக்காரம்மா பாக்கியலட்சுமி பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறார். அவருடைய சமையலறையை ஒட்டிய அறையில் படுத்துக்கொள்கிறேன். அவர்கள் இங்கே தலைமுறைகளாக இருக்கும் செட்டி வம்சம். பெயரும் கோயிலும் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். அக்காவிடம் சன்னல் வழியாகப் பேசுகிறேன். "தங்கச்சி இருந்தும் ஒண்டியா கெடக்கிறேன்" என்று அவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சன்னல் கம்பி வழியாக ஒரு மாங்காய்த் துண்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அதற்கும் கோபித்துக்கொண்டாள்.

மாமா செய்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்பு கடையில் அவருக்கு உடம்பு சுட ஆரம்பித்ததும் அவர் வீட்டுக்கு வரவில்லை. முதலாளி முகைதீன் பாயிடம் கேட்டுக் கடை மாடியிலேயே படுத்துக்கொண்டார். பாய் தினமும் படிக்கட்டில் கஞ்சியை வைத்துவிட்டு, "கணேசா, உயிரோட இருக்கியா, கஞ்சி ஆறுது" என்று கத்துவாராம். பத்து நாள் கழித்து, காய்ச்சல் முழுக்க விட்ட பிறகுதான் வீடு திரும்பினார். என் அறிவிப்பை முதலில் மதித்தவர் அவர்தான்.

மற்றவர்கள் மதிக்கவில்லை. மாமாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் ஆள்மேல் ஆளாக அக்காவைத் தேடி வந்தார்கள். செங்கிலிருந்து, கிளேபாங்கிலிருந்து எல்லாம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டு வந்தார்கள். போய்ப் பார்க்காவிட்டால் நன்றாக இருக்காது என்ற ஒன்றுதான் அவர்கள் மனத்தில் இருந்தது. எதிர்வீட்டு ருக்மணி அக்கா இருமிக்கொண்டே வந்து, அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அரசாங்க முத்திரை போட்ட அறிவிப்பு அவள் தலைக்கு மேலேயே கதவில் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் நான் ஒரு தப்புச் செய்தேன். இதை உங்களுக்கு யாரோ வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நானே சொல்கிறேன். எந்த எழுத்தும் நிறுத்தாத கூட்டத்தை வேப்பிலை நிறுத்தும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கொத்து ஒடித்து அக்காவின் நிலைப்படியில் கட்டிவிட்டேன். அன்று ஒருவரும் வரவில்லை. நான் கெட்டிக்காரத்தனமாகக் காரியம் செய்ததாக மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பால்காரர் செம்பைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்த வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் குருபோங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பாக்கியலட்சுமி அம்மா வந்து பார்த்து, "சாச்சாரா?" என்று கேட்டார். அம்மை என்று அர்த்தம். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் சுகாதார இன்ஸ்பெக்டர் வேனோடு வந்து நின்றார். பெரியம்மை என்று யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்காவைத் தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணி மூட்டை கட்டச் சொன்னார். அக்கா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அம்மா. நான்தான் கட்டினேன், அம்மை இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நோட்டீஸ் எழுதினது நீதானே, பி.ஏ. தானே" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவரோடு வேனில் வந்திருந்த டாக்டரம்மா சன்னல் வெளிச்சத்தில் அக்காவின் கை, முதுகு எல்லாம் பார்த்து உறுதி சொன்ன பிறகு வேன் திரும்பிப் போனது.

பாக்கியலட்சுமி அம்மா அன்று என்னோடு பேசவில்லை. அம்மனுக்குரியதை ஆளை விரட்ட வைத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து நிலைப்படியை அவரே கழுவினார். நான் குடம் தூக்கக் கை நீட்டியபோது தரவில்லை. அது நியாயம்தான்.

அன்று மாலை அந்தச் சந்தில் இருக்கிற பதினொரு வீட்டுக்கும் போனேன். அக்காவுக்கு அம்மை இல்லை, உங்களைப் பயமுறுத்தியது என் தப்பு, ஆனால் ஊரில் ஃப்ளூ காய்ச்சல் இருக்கிறது, அதனால் உள்ளே வர வேண்டாம், வேலியோரம் நின்று பேசுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ருக்மணி அக்கா, "வேப்பிலைய நம்பினோம், இப்ப ஒன்ன நம்பணுமாக்கும்" என்றாள். ஆமாம் அக்கா, இனிமேல் நான்தான் நிற்பேன் என்றேன். அன்றிலிருந்து காலை வேலை முடிந்து வந்ததும் குளித்து உடை மாற்றிக்கொண்டு வேலிப் படலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களை ஒவ்வொருவராக முகம் பார்த்துத் தடுக்கிறேன். வெட்கம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாத்தியார் அவர்களே, அடுத்த பத்தியை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தனியாக வாசியுங்கள்.

அம்மா, போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் தமிழ்ப் பெயர்களைப் பதிவில் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கோகிலா என்று ஒரு பெண். அக்காவைவிட ஒரு வயது சின்னவள், எட்டு மாதக் கர்ப்பம். திங்கட்கிழமை காய்ச்சல், புதன்கிழமை மூச்சுத் திணறல். அவள் பெயரை நான்தான் எழுதினேன், உயிர் போன நேரத்தையும் எழுதினேன். குழந்தையும் இல்லை. அவள் கையில் வளைகாப்பு வளையல்கள் முழங்கை வரை இருந்தன. விசேஷத்துக்கு அறுபது பேர் வந்ததாக அவள் மாமியார் சொன்னார். இதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

இரண்டு முறை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்த பிறகு, இந்தத் தடவை ஏழாம் மாதம் கண்டால் லயம் முழுவதையும் கூட்டி வளையல் அடுக்குவேன் என்று நீங்கள் நேர்ந்துகொண்டது எனக்குத் தெரியும். லாரி பேசிவிட்டீர்கள், ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை என்று சொல்லியும் அனுப்பிவிட்டீர்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மட்டும் மனம் வருமா? ஆனாலும் சொல்கிறேன். லாரி வேண்டாம். நீங்களும் அப்பாவும் மட்டும் பஸ்ஸில் வருகிறோம் என்பதும் வேண்டாம். பஸ்ஸில்தான் அதிகம் இருமுகிறார்கள்.

வளையல்களைத் தபாலில் அனுப்புங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்துக்கொள்வோம். மாமாவே அக்காவுக்குப் போட்டுவிடுவார். மற்ற பெண்கள் வேலிக்கு வெளியே நின்று பாடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பிளை வளையல் அடுக்குகிற அதிசயத்தை விடவே மாட்டேன் என்று ருக்மணி அக்கா இப்போதே இடம் பிடித்துவிட்டாள். மாமா வெட்கப்படுகிறார், ஆனால் மறுக்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் நாட்டுக்குச் சுதந்திரமும் வரும், அக்காவுக்குக் குழந்தையும் வரும். அப்போது லாரி என்ன, ரயிலே பிடித்து வாருங்கள்.

அம்மா, இதையும் மீறி நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து இறங்கினால், நான் படலுக்கு முன்னால் நிற்பேன். நீங்கள் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். எல்லோர் முன்னாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். வழி மட்டும் விட மாட்டேன். அதற்கு இப்போதே உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு என் முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்று நீங்கள் நினைத்தாலும் சரி. அக்காவைப் பார்க்க நீங்கள் இருக்க வேண்டும், உங்களைப் பார்க்க அக்கா இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

வரவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதற்குக் கீழே அக்காவை ஆசீர்வதித்து எழுதுங்கள். அதைச் சன்னலோரம் நின்று அவளுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.

என்றும் உங்கள் சொல்லுக்கு அடங்கிய, இந்த ஒரு முறை அடங்காத மகள்,
சந்திரமதி