மீன் கொட்டகைத் தரை

பிப்ரவரி 3

பழைய மீன் கொட்டகையின் தரையைப் பார்த்துவிட்டு வந்தேன். சீ! முப்பது வருடம் மீன் வெட்டி, கழுவி, பெட்டியில் அடைத்த இடம். மூடி நாலு வருடம் ஆகிறதாம். அந்தச் சேதி தரைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. காங்கிரீட் குடித்த எண்ணெய் கறுப்பாக ஊறிக் கிடக்கிறது. இங்கேதான், இடத்தை எடுத்திருக்கும் பால்கார அம்மா பாலைப் பாக்கெட்டில் அடைக்கப்போகிறார். ஒரு கீறல், ஒரு இடுக்கு இல்லாமல் எப்பாக்ஸி என்கிற பிசின் பூச்சு பூசித் தர வேண்டும். எனக்கு முன்னால் வந்து பார்த்த மூன்று பேர் ஓடிவிட்டார்களாம். நான் பெரிய இவன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சகலையிடம் சொன்னேன். மனைவியின் தங்கை கணவர். ஆறு வருடமாக என்னோடு தரை பூசுகிறார். "நமக்கென்னண்ணே, தரை தரைதான்" என்றார். இவருக்கு மூக்கு என்று ஒன்று வேலை செய்கிறதா, இல்லை சும்மா அழகுக்கு வைத்திருக்கிறாரா?

பிப்ரவரி 6

அரைக்கும் மெஷினை ஓட்டினோம். மேல்தோல் உரிந்ததும் உள்ளே கிடந்த நாற்றமெல்லாம் எழுந்து வந்தது. முகமூடியையும் தாண்டி நாக்கில் மீன் ருசி. மதியம் சாப்பாட்டைத் திறந்தேன், மூடிவிட்டேன். சகலை இரண்டு பேருடையதையும் சாப்பிட்டார்.

பிப்ரவரி 7

தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். சுத்தமான காங்கிரீட் என்றால் உடனே குடித்துவிடும். இது குடிக்கவில்லை, தண்ணீர் சொட்டுச் சொட்டாக உருண்டு நின்றது. எண்ணெய் இன்னும் இருக்கிறது. மறுபடி வெந்நீர், எண்ணெய் எடுக்கும் மருந்து, தேய், உறிஞ்சு, தேய்.

மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "சட்டையைக் கழட்டிட்டு உள்ள வாங்க. தெருப்பூனை எல்லாம் உங்க பின்னாடியே வருது." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 10

நாற்றம்.

பிப்ரவரி 12

ஒருவழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. இனி தரை காய வேண்டும். மூன்று இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். ஒரு நாள் கழித்துத் தூக்கினால் உள்பக்கம் உலர்ந்திருக்க வேண்டும். வியர்த்திருந்தால் அடியில் ஈரம்; பூசக்கூடாது. ஈரம் பார்ப்பது என் வேலை, கலவை சகலையின் வேலை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சோதித்துப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 13

மூன்றிலும் வியர்வை.

பிப்ரவரி 15

இரண்டு காய்ந்துவிட்டன. சாக்கடையை ஒட்டிய மூலை மட்டும் அடம் பிடிக்கிறது. இன்னும் ஐந்தாறு நாள் ஆகும். ஐந்தாறு நாளா! அந்த மூலையில்தான் நாற்றமும் அதிகம். தலைக்குக் குளித்தும் போகவில்லை. தலையணையிலும் மீன்.

பிப்ரவரி 16

காலையில் மூலை ஷீட்டைத் தூக்கினேன். பொடிப்பொடியாக நீர்த்துளிகள். துணியால் துடைத்தேன். தரையில் மெஷினால் சூடான காற்றைப் பத்து நிமிடம் ஊதினேன். கறுத்திருந்த இடம் வெளுத்துவிட்டது.

சகலை வந்தார். "காஞ்சிருச்சாண்ணே?"

"காஞ்சிருச்சு."

உடனே முதல் பூச்சான பிரைமரை அடித்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. பால்கார அம்மாகூட, மெதுவாகச் செய்யுங்கள் என்றுதான் சொன்னார். எனக்கு அந்த இடத்தைத் தலைமுழுகினால் போதும் என்றிருந்தது. ஒரு மூலைதானே. ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 19

முடிந்தது. சாம்பல் நிறம், கண்ணாடி மாதிரி பளபளப்பு. மூக்கை வைத்து மோந்தேன், மீன் இல்லை. பால்கார அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 14

கொப்புளம். அந்த மூலையிலேதான். சுண்டுவிரல் நகம் அளவுக்கு, வரிசையாக. ஒன்றை ஊசியால் குத்தினேன். மஞ்சளாகத் தண்ணீர் வந்தது — அதே மீன். வெளியே ஓடி வாந்தி எடுத்தேன்.

பெயின்ட் கம்பெனி ஆள் வந்து பார்த்தான். "கலவை சரியில்ல. இறுக வைக்கிற ஹார்ட்னர் குறைஞ்சிருக்கு" என்றான். தன் சரக்கின் மேல் பழி வராமல் பார்த்துக்கொள்கிறான். எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள். சகலை என்னைப் பார்த்தார்.

"ஷீட் காஞ்சுதானண்ணே இருந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

மார்ச் 15

கலவை தப்பினால் தரை பிசுபிசுக்கும். இப்படிக் கொப்புளம் கட்டாது. சகலைக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நான் "ஆமா" என்றதும் மனிதர் தன் கையையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார்.

மார்ச் 18

"தங்கச்சி ஃபோன் பண்ணினா" என்றாள் மனைவி. "அவர் வீட்டுல டப்பாவை வச்சுக்கிட்டு கலந்து கலந்து பாக்குறாராம். சரியா சாப்பிடறதுகூட இல்லையாம்."

"அப்படியா" என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்?

மார்ச் 20

ஒரு மருந்துக் கிடங்கில் தரை வேலை பேசப் போனோம். அங்கேயும் சேதி போயிருக்கிறது. மேனேஜர் சகலையை வைத்துக்கொண்டே சொல்கிறார்: "நீங்க வாங்க. அவர் கலக்க வேண்டாம்."

சகலையே எனக்குச் சமாதானம் சொன்னார். "அவங்க பயப்படறதும் நியாயம்தானேண்ணே."

வாயத் தொறந்தேனா? இல்ல. மரம் மாதிரி நின்னேன். அந்த மனுஷன் முகத்தப் பாக்க முடியல. மீன் நாத்தமாவது குளிச்சாப் போயிடும். எனக்கு என்னப் பாத்தாலே குமட்டுது. நாளைக்கு சொல்லிடணும் — சொல்லியே ஆகணும்.

மார்ச் 21

சொல்லிவிட்டேன். கொட்டகையில் பால்கார அம்மா, கம்பெனி ஆள், சகலை மூவரும் இருந்தார்கள். "மூலை ஈரமா இருந்துச்சு. நான் துடைச்சுட்டு, காஞ்சிருச்சுன்னு சொன்னேன். கலவையில தப்பே இல்ல."

"நான் அவசரப்படுத்தினேனா?" என்றார் பால்கார அம்மா.

"இல்லம்மா. நாத்தம் தாங்கல."

சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் குனிந்து ஒரு கொப்புளத்தைத் தொட்டுப் பார்த்தார். "திரும்பவும் செய்ங்க. ஆனா அவர் சொல்றபடி நீங்க செய்யணும்" என்று சகலையைக் காட்டினார். மருந்துக் கிடங்கு மேனேஜருக்கும் அங்கிருந்தே ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

சகலையை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அவர் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காத்திருந்திருப்பேன்ல?"

அண்ணே என்று சேர்க்கவில்லை.

ஏப்ரல் 6

மூலையைப் பெயர்த்து, அரைத்து, ஐந்து முறை கழுவி, பத்து நாள் காயவிட்டோம். குனிந்து சுரண்டியது முழுக்க நான். நாற்றம் இருந்தது.

காலையில் ஷீட்டைத் தூக்கினேன். ஒரு சொட்டு இல்லை.

"காஞ்சிருச்சா?" என்று கேட்டார் சகலை.

"காஞ்சிருச்சு" என்றேன்.

அவர் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மண்டியிட்டு, உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பார்த்தார். ஷீட்டைத் திருப்பி, அதையும் விரலால் தடவினார். வெளிச்சத்தை மறைக்காமல் நான் தள்ளி நின்றேன்.