இடது பக்கம் போகாதவன்

2025 ஜனவரி 9, வியாழன்

சுஜந்தனின் ஆட்டத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். ஷார்ஜா கல்லூரி பாஸ்கட்பால் அணியின் கார்டு. பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். பதினெட்டுப் புள்ளி, ஏழு அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்), பந்தை இழந்தது ஒரே ஒரு முறை. இருபத்தொரு வயதுப் பையனுக்கு இவ்வளவு சுத்தமான கணக்கு எப்படி வரும்? எனக்கு இது பிடிக்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் ஒரு தடவைகூட இடது பக்கம் போகவில்லை. போன இரண்டு ஆட்டத்திலும் அப்படித்தான். இடது கையில் கோளாறா? யார் மறைக்கிறார்கள்?

டிராஃப்ட், கிளப்புகள் புது ஆட்களை எடுக்கும் நாள், பிப்ரவரி பதினைந்து. இங்கே அமீரகத்தில் படித்த பையன்களில் ஒருவனை எடுக்க எங்கள் கிளப்புக்கு ஒரே ஒரு வாய்ப்பு. பார்த்துச் சொல்வது என் வேலை. இரண்டு வருடம் முன்பு சவூதியில் தம்மாமிலிருந்து நான் தூக்கிவைத்துப் பேசிக் கொண்டுவந்தவனுக்கு முழங்காலில் பழைய ஆபரேஷன். இரண்டாவது ஆட்டத்தோடு உட்கார்ந்துவிட்டான். அவமானம் எனக்கு. அதற்குப் பிறகு நானே ஒரு விதி கொண்டுவந்தேன். அறிக்கையில் எதை எழுதினாலும் எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிடம் என்று பக்கத்தில் இருக்க வேண்டும். படிவத்தின் கடைசிக் கட்டம் ‘சந்தேகங்கள்’. அதை நான் காலியாக விட்டதே இல்லை.

ஜனவரி 13, திங்கள்

பயிற்சி பார்க்கப் போனேன். முழங்கையில் புதுச் சிராய்ப்பு, வலது கணுக்காலில் புது டேப். வியாழனுக்குப் பிறகு கல்லூரிக்கு ஆட்டமே இல்லையே.

“விழுந்திட்டன் அங்கிள்” என்றான். எங்கே என்று கேட்டேன். ஷூ லேஸைக் கட்டக் குனிந்துவிட்டான்.

ஜனவரி 14

வேறு எங்கோ ஆடுகிறான். காசுக்கா? பந்தயக்காரர்களோடு சகவாசமா?

என் மனைவி புஷ்பமேரி ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள்: “பந்து விளையாடுத பையன் விழாம பின்ன பறப்பானா? நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா டாக்டர்கிட்டயே சர்டிபிகேட் கேப்பிய.”

கேட்பேன்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

பிடித்துவிட்டேன். ஆனால் சந்தோஷமாக இல்லை.

காலையில் மூடுபனி. அவன் வீட்டுத் தெருவில் காரை நிறுத்திக் காத்திருந்து, அவன் அப்பாவின் வண்டிக்குப் பின்னாலேயே ஜெபல் அலி வரை போனேன். (இதெல்லாம் ஒரு வேலையா?) தொழிலாளர் கேம்புக்குப் பின்னால் சிமெண்ட் கோர்ட். கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி. ஆடுகிறவர்களில் முக்கால்வாசி பிலிப்பினோக்கள். இந்த ஊரில் பாஸ்கட்பால் அவர்களுடையது. அவர்களுக்கு நடுவே இவன்.

இடது பக்கம் போனான்! நான் எண்ணியே பதினொரு தடவை. நாலு முறை பந்தை விட்டான், சிரித்துக்கொண்டு மறுபடியும் போனான். இடது கையால் போட்ட ஒரு பாஸைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். கல்லூரியில் பார்த்தவன் இவனா?

ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் தாளை எட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு புள்ளி. நேரே எழுதியிருந்த பெயர் தயாபரன். வயது ஐம்பத்திரண்டு.

தயாபரன் அவன் அப்பா. அவன் ஆடிய அணியின் கம்பெனிக் கிடங்கில் சூப்பர்வைசர். என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

“ஐயா, நீங்கள் கிளப்பில இருந்து வந்தனீங்களோ?”

பொய் சொல்ல வரவில்லை.

“ஸ்டாஃப் மட்டும்தான் விளையாடலாமாம். மனேஜருக்குக் கப் வேணும். உன்ர மகனை இறக்கு, பேர் உன்ர பேரா இருக்கட்டும் எண்டவர். மார்ச்சில எனக்குக் கொன்ட்ராக்ட் முடியுது. நான் என்னத்தைச் சொல்லுறது?”

ஜனவரி 20

போயிருக்கவே கூடாது. இப்போது தெரிந்துவிட்டதே, என்ன செய்ய?

எழுதினால்: வேறு பெயரில் ஆடியவனுக்கு லீக்கில் இரண்டு வருடத் தடை. அப்பாவின் வேலை போனால் அவரை வைத்து இருக்கும் பையனின் விசாவும் போகும். துபாயில் பிறந்து வளர்ந்தவன், லீவில் மட்டும் பார்த்த யாழ்ப்பாணத்தில் போய் இறங்க வேண்டும்.

எழுதாமல் விட்டுப் பின்னால் வெளியே வந்தால் — இன்னொரு தம்மாம். இந்த முறை என்னை வைத்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

அறிக்கை கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கை சும்மா இருந்ததா? ‘இடது பக்கம் நன்றாகப் போவான்’ என்று எழுதிவைத்திருந்தேன். கிளப் மேனேஜர் விஜயபாஸ்கர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“எந்த மேட்ச் கிளிட்டஸ்? எத்தனாவது நிமிஷம்?”

என் விதி. என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தைகள்.

“தப்பா எழுதிட்டேன் சார்.”

“நீங்களா? தப்பாவா?” என்றார். பிறகு அந்த வரியை அடித்தார். “இடது பக்கம் போகாத கார்டை ஒரே வாரத்துல எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க. வேற பையனப் பாருங்க.”

நான் பார்த்தது உண்மை. சொல்ல முடியவில்லை. 

பிப்ரவரி 2, ஞாயிறு

கேம்புக்கே போய் அவனைத் தனியாகப் பிடித்தேன். வரும் சனிக்கிழமை கல்லூரியின் கடைசி ஆட்டம். அதில் இடது பக்கம் போ, கேமராவோடு வருகிறேன், ஒரே ஒரு நல்ல நிமிடம் போதும் என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை! நான் மற்றவர்களைப் பார்க்கிற அதே பார்வை.

“ஏன் அங்கிள் எனக்குச் சொல்லுறீங்கள்? என்னை மாட்டிவிடவோ?”

“மாட்டிவிடணும்னா எப்பவோ மாட்டிவிட்டிருப்பேன்லே. காலேஜ் மேட்ச்ல ஏன் போகமாட்டேங்க?”

“இங்க மிஸ் பண்ணினா ஒருத்தரும் எழுதமாட்டினம். அங்க நீங்கள் இருந்து எழுதுறீங்கள். பந்தை விட்டு ஒரு டர்ன்ஓவர் கூடினாலும் டிராஃப்ட் போயிரும் எண்டு பயம்.”

 கம்பெனி இறுதி ஆட்டமும் அதே சனிக்கிழமை, அதே நாலு மணிக்காம். “அப்பாட்டக் கேட்கவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிப்ரவரி 8, சனி

வந்தானா? வந்தான். எப்போதும் முதல் வரிசையில் உட்காரும் அப்பாவைத்தான் காணவில்லை. ஏதோ நடக்கிறது.

ஒன்பதாவது நிமிடம் இடது பக்கம் போனான், பந்தைப் பறிகொடுத்தான். பத்தொன்பதாவதில் மறுபடியும், பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. பயிற்சியாளர் கத்தினார்.  கேமராவைத் தூணில் அண்டக்கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். போ மக்கா, போ. நான் கத்தினேனா, நினைத்தேனா தெரியவில்லை.

முப்பத்துநான்காவது நிமிடம். இடது. இரண்டு பேரைக் கடந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை போட்ட அதே பாஸ்.

நிமிடத்தைக் குறித்துக்கொண்டேன். மொத்தம் நாலு முறை பந்தை இழந்தான்; அதையும் எழுதினேன்.

பிப்ரவரி 15

எடுத்துவிட்டோம். விஜயபாஸ்கர் வீடியோவை மூன்று முறை ஓடவிட்டார். முன்பே இந்த வரியை எப்படி எழுதினீர்கள் என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

பிப்ரவரி 18, செவ்வாய்

கையெழுத்து நாள். சுஜந்தனோடு அவன் அப்பாவும் வந்தார், நொண்டிக்கொண்டு. இடது கணுக்கால் வீங்கி, பட்டை சுற்றியிருந்தது.

“என்னாச்சு சார்?” என்றார் விஜயபாஸ்கர்.

“பாஸ்கட்போல் விளையாடினனான்.”

விஜயபாஸ்கர் பெரிய ஜோக் கேட்டவர்போலச் சிரித்தார். பையன் தலையைத் தூக்கவில்லை.

லிஃப்ட் வரை நான்தான் தயாபரனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். “கம்பெனி ஃபைனலில எட்டு நிமிஷம் நிண்டனான் ஐயா. ஒரு பொயின்டும் இல்லை. கப்பும் போச்சு. ஆனா ஸ்கோர் பேப்பரில பேர் இருந்த ஆள்தான் இறங்கினது” என்றார். கம்பெனி மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். மார்ச்சில் என்ன ஆகும் என்று தெரியாது. “இனி அவனுக்குக் கிளப் விசா. என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கத் தேவையில்லை.”

திரும்பி வந்தபோது விஜயபாஸ்கர் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். “கிளிட்டஸ், கடைசியில ‘சந்தேகங்கள்’ கட்டத்தை எழுத மறந்துட்டீங்க.”

“மறக்கல சார். அப்படியே இருக்கட்டும்” என்றேன்.