ஷிப்டுக்குப் போனவனின் நாடு

கோபமே வராத என் கதிர் அண்ணாவுக்கு,

இதை நான் கோபத்தில்தான் எழுதுகிறேன். உன் பங்குக் கோபத்தையும் சேர்த்து நானே பட வேண்டியிருக்கிறது. நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அம்மா இப்போது இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் தள்ளியிருப்பதால் குவார்ட்டர்ஸை விட வேண்டிய கவலை இல்லை. உன் கம்ப்யூட்டர் அதே முன்னறையில், கால் ஆடும் அதே மேசைமேல் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொன்னால் பொறுத்துக்கொள். இதைப் படிப்பவர்களுக்கும் புரிய வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் நீங்கள் மூன்று பேர் மாறி மாறி விளையாடிய ஆட்டம் அது. ஆளுக்கொரு நாடு. ஒரே ஊரோடு தொடங்கி, செட்லர்களை, அதாவது குடியேறும் ஆட்களை, அனுப்பிப் புது ஊர்கள் வைக்க வேண்டும். குதிரையோ இரும்போ உப்போ, தன்னிடம் இருப்பதைக் கொடுத்து இல்லாததைப் பக்கத்து நாட்டில் வாங்க வேண்டும். ஒருவர் முறை முடிந்து என்டர் தட்டினால் திரை கறுத்து, அடுத்தவர் பெயர் பெரிதாக வந்து நிற்கும். பெயருக்கு உரியவர் நாற்காலியில் உட்கார வேண்டும்.

நீ, பள்ளிக்கூடத்திலிருந்து உன்னோடு ஒட்டிக்கொண்டே வந்த சேகர், வடலூரில் துணிக்கடை வைத்திருப்பவர் மகன் ரஃபீக். வெளியே ஊரெல்லாம் பாதி நாள் கரண்ட் இல்லாத வருஷம் அது. நம் நெய்வேலி டவுன்ஷிப்பில் மட்டும் விளக்கு அணையாது. ரஃபீக் அண்ணன் வடலூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, முதலில் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உட்காருவார்.

நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து போட்ட சட்டம் இரண்டு. நீயும் சேகரும் சுரங்கத்தில் வேலை பார்த்ததால் வந்த சட்டங்கள். ஷிப்டில் இருப்பவனுக்காக மற்றவர்கள் ஒரு என்டர் தட்டி அவன் முறையைத் தாண்டிப் போகலாம், ஆனால் அவன் திரும்பி வரும்வரை அவன் நாட்டைத் தொடக்கூடாது. ஷிப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை நாடு உள்ளவன் வந்தே ஆக வேண்டும். சுவரில் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் மூன்று பேரும் மீறியதில்லை. கேபிளைப் பிடுங்கிச் சண்டை போட்ட நாளில்கூட மீறியதில்லை.

முதல் ஐம்பது முறைக்குள் யார் எத்தனை ஊர் வைக்கிறார்களோ, அதுதான் கடைசிவரை பேசும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். ஆனால் நீ என்ன செய்தாய்? ஆற்று முகத்துவாரத்துக்கு இரண்டு கட்டம் தள்ளி உன் செட்லர் நிற்கிறான். சேகர், "அந்த எடத்த எனக்கு வுடுடா" என்றான். நீ செட்லரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய். அடுத்த ஞாயிறு அவனுக்குக் குதிரை வேண்டும் என்றான். முப்பது முறைக்குக் குதிரை தருவதாக ஒப்பந்தம் போட்டாய். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் கட்டத்தைக் காலியாகவே விட்டாய். ஒரு மூட்டை உப்பாவது கேட்டிருக்கக் கூடாதா? பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் அன்றே உன் தலையில் ஒரு குட்டு வைத்திருக்க வேண்டும். நீ கான்ட்ராக்ட், அவன் பர்மனென்ட். கொடுக்க வேண்டியவன் யார் என்றாவது யோசித்தாயா?

அப்போது உன்னிடம் மூன்று ஊர்கள், மூன்றுக்கும் நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள். மந்தாரக்குப்பம் தலைநகரம். பக்கத்தில் குறிஞ்சிப்பாடி. தூரத்தில், மலையை ஒட்டி, கடைசியாக வைத்த குள்ளஞ்சாவடி. அதோடு ஆட்டத்தை சேவ் செய்துவிட்டு இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பினாய். மழை. ரோட்டில் வண்டி சறுக்கியது. அதற்குமேல் எழுத எனக்கு வராது.

நீ போன எட்டாம் நாள் நடந்தது உனக்குத் தெரியாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உன் நல்ல போட்டோ ஒன்று தேட வேண்டும் என்று சேகரும் ரஃபீக் அண்ணனும் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். அம்மா உள்ளறையில் சுருண்டு கிடந்தாள். நான் காபி கொண்டுபோனேன். திரையில் உன் போட்டோ இல்லை, ஆட்டம் இருந்தது. மந்தாரக்குப்பம் சிவப்பாக இருந்தது. சிவப்பு சேகருடைய நிறம். என் கண்ணெதிரே குறிஞ்சிப்பாடியும் சிவப்பானது. உள்ளே நுழைந்தது அவனுடைய குதிரைப்படை. நீ கொடுத்த குதிரைமேல் ஏறி உன் நாட்டுக்குள் வந்திருக்கிறான்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"அவன்தான் இனிமே வரப்போறதில்லயே பாப்பா. ஆளில்லாத நாடுதான."

ஷிப்டுக்குப் போனவன் திரும்பி வரும்வரை தொடக்கூடாது என்றுதானே சட்டம்? நீ ஷிப்டுக்குத்தானே போனாய்? திரும்பி வந்தாயா? அவனை அண்ணன் என்று கூப்பிடுவதை அந்த நிமிஷத்தோடு விட்டேன். மிச்சமிருந்த குள்ளஞ்சாவடியை அவன் எடுப்பதற்குள் ப்ளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று கை துடித்தது. ஆனால் அவன் அதை எடுக்கவே இல்லை. மலையோரத்துப் பொட்டல், எதற்கு என்று விட்டுவிட்டான். சேவ் செய்தான், என்டர் தட்டினான். திரை கறுத்தது. உன் பெயர் வந்தது. கதிர், உன் முறை.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணா, அன்றைக்குப் புரிந்தது. உனக்கு ஒரே ஒரு ஊர் இருக்கும்வரை இந்தக் கம்ப்யூட்டர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அந்த ஊரும் போய்விட்டால் கூப்பிடாது. உன் பெயரை ரேஷன் கார்டில் எடுத்தார்கள், கான்ட்ராக்டர் லிஸ்டில் அடித்தார்கள். இங்கேயும் எடுக்க விடுவேனா?

கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரையும் வரச் சொன்னேன். உன் இடத்தில் நான் ஆடுவேன், பெயரை மாற்ற மாட்டேன் என்றேன். சேகர் சிரித்தான். ஒரே ஊரை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடுவாள் என்று நினைத்திருப்பான்.

அவன் செய்த தப்பு ஒன்று உண்டு. குதிரையை வாங்கிக்கொண்டானே தவிர, அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று ஒரு நாளும் உன்னைக் கேட்கவில்லை. தலைநகரத்திலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டான். மெட்ராஸில் சுவிட்சைப் போடுகிறவன், கரண்ட் வரும் நெய்வேலியை நினைக்காமல் இருக்கலாம். நெய்வேலியிலேயே பிறந்து வளர்ந்தவன் கேட்டிருக்க வேண்டாமா? மேய்ச்சல் நிலம் முழுக்கக் குள்ளஞ்சாவடிக்குப் பின்னால், மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. போர் தொடங்கியதும் உன் ஒப்பந்தம் முறிந்தது. அவனிடம் இருந்த குதிரைகளோடு சரி, புதிதாக ஒன்றுகூடச் சேரவில்லை. இரண்டு ஞாயிறு மந்தாரக்குப்பத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

நான் உடனே படை கட்டவில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடி செட்லர்களை அனுப்பினேன். மலைக் கணவாயில் ஒரு ஊர். அவனுடைய ஆற்று முகத்துவாரத்துக்கு எதிர்க்கரையில் ஒன்று. உப்பளத்தில் ஒன்று, அதற்கு சேத்தியாத்தோப்பு என்று பெயர் அடித்தேன், இடம் போதாமல் பாதியில் நின்றுவிட்டது. எதையும் அழகு பார்த்து வைக்கவில்லை. எல்லாமே அவன் செட்லர் போகக்கூடிய வழியில் வைத்தவை. நிஜக் குறிஞ்சிப்பாடியில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே அடுத்த ஊரை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறேன்.

படைக்கு வேண்டிய இரும்பு ரஃபீக் அண்ணனிடம் இருந்தது. நான் குதிரை தருகிறேன், நீங்கள் இரும்பு தாருங்கள், சேகருக்கு மட்டும் எதுவும் விற்காதீர்கள் என்று கேட்டேன். அவர் தலையாட்டவில்லை.

"வியாபாரம்னா கேக்குறவங்களுக்கெல்லாம் குடுக்கணும் கவி. எங்க கடையில ஆளப் பாத்தா துணி கிழிக்கிறோம்?"

"எட்டாம் நாளு நீங்களும் பக்கத்துலதான ஒக்காந்துகினு இருந்தீங்க?" என்றேன்.

அவர் மவுஸைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ஒப்பந்தத்தில் ஒப்புதல் கொடுத்தார். சேகரோடு இருந்த கம்பளி வியாபாரத்தையும் அவராகவே ரத்து செய்தார். நல்ல மனிதர். அன்றைக்கு வாய் திறந்திருந்தால் இன்னும் நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு மாதக்கணக்காக அடித்தேன். ஒரு தடவைகூட அவன் ஷிப்டில் இருக்கும்போது தொடவில்லை. அவன் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வரும்வரை படையை எல்லையிலேயே நிறுத்திவைப்பேன். வந்ததும் டீ கொடுத்து உட்காரவைப்பேன். அவன் குடிக்கும்போது ஒரு ஊரை எடுப்பேன். குறிஞ்சிப்பாடியை அப்படித்தான் மீட்டேன். மந்தாரக்குப்பம் உன் நீல நிறத்துக்குத் திரும்பிய அன்று உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சண்டைக்கு நடுவில் அவன் தன் பொன் எல்லாவற்றையும் தருவதாகச் சமாதானம் கேட்டான். மறுத்தேன். மறுபடி கேட்டான், மறுபடி மறுத்தேன்.

போன ஞாயிறு அவனிடம் மிஞ்சியது ஒரே ஊர். கடல் இல்லை, குதிரை இல்லை, நாலு பக்கமும் நம் எல்லை. ரஃபீக் அண்ணன் சிகரெட்டுக்காக வெளியே போயிருந்தார். சேகர் திரையைப் பார்த்தபடி பேசினான்.

"ஒவ்வொரு வாட்டியும் அவன் பேரு வந்து நிக்குது பாப்பா. அன்னைக்கு என்னால பாத்துக்கினு ஒக்கார முடியல. நாட்ட முடிச்சிட்டா பேரு வராதுன்னுதான் அப்பிடி செஞ்சேன். இப்ப என்னய முடிச்சிடு. நான் இனிமே வரல."

அவன் பொய் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவனுக்குப் பார்க்க முடியவில்லையாம். அதற்காக நாங்கள் உன் பெயரைப் பார்க்கக் கூடாதா? உன்மேல் அவனுக்கு இருந்த பிரியத்தை நான் சந்தேகப்படவில்லை. மன்னிக்கவும் இல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

என் படை அவன் ஊர் வாசலில் நின்றது. ஒரு கிளிக் போதும். நான் படையை ஒரு கட்டம் பின்னால் இழுத்தேன்.

"முடிக்க மாட்டேன்" என்றேன். "நாடு இருக்கறவன் ஞாயித்துக்கெழம வந்தே ஆவணும். ஒரு சட்டத்த மீறிட்ட. ரெண்டாவதையும் மீறுவியா?"

இன்று ஞாயிறு, வந்துவிட்டான்.

நீ இருந்திருந்தால், போகட்டும் விடு கவி என்று சொல்லியிருப்பாய். அதனால்தான் உன்னைக் கேட்காமல் செய்கிறேன். அம்மாவுக்கு எங்கள் சண்டை எதுவும் தெரியாது. சேகர் வருகிறான் என்று அவனுக்கும் சேர்த்துக் குழம்பு வைக்கிறாள், சாப்பிட்டதும் அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். ஆட்டத்தில் அவன் முறைக்கு அடுத்தது உன் முறை. அவன் கையால் என்டர் தட்டினால்தான் திரை கறுக்கும், உன் பெயர் வரும். அம்மா கண்ணைச் சுருக்கி, கே, ஏ, டி, எச் என்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிக்கிறாள். அதுவரை அவன் எழுந்திருக்க முடியாது.

இது என் வாக்கு அண்ணா. அவனிடம் மிஞ்சிய அந்த ஒரே ஊரை நான் எடுக்கவும் மாட்டேன், வேறு யாரையும் எடுக்க விடவும் மாட்டேன். அம்மாவுக்குப் பார்வை இருக்கும்வரை, ஷிப்ட் இல்லாத ஞாயிறெல்லாம் அவன் வருவான், தட்டுவான், அவள் படிப்பதைக் கேட்பான்.

உன் முறையை உனக்காக ஆடிக்கொண்டிருக்கும்,
உன் கூடப்பிறந்தவள், கவிதா