எருமைகள் தின்ற கோதுமை

மயிலாப்பூர்,
5-1-1974

அன்புள்ள மகனுக்கு,

ஆசியா முழுவதும் கோதுமைக்கு மாறுகிறது, ரேஷன் கடைக் கோதுமை விற்பனையைப் பார்த்தால் சென்னையும் மாறிவிட்டது என்று நீ எழுதிய அறிக்கையைப் படித்தேன். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தேவானைக்குக் கோதுமை வாங்கினால்தான் ரேஷனில் அரிசி போடுவார்கள். அந்தக் கோதுமையை அவள் அப்படியே பால்காரனுக்கு விற்றுவிடுவாள். மெத்தப் படித்த நீ அளந்தது அவனுடைய எருமைகளின் பசியை.

உன் சிபாரிசின்படி இந்த வாரம் அவளுக்கு அரிசியைப் பாதியாக்கிவிட்டார்கள். "இன்னா வாத்தியாரே, டில்லில கீற உங்க புள்ள கோதுமையா துன்னுது?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

நீ வருகிறாய் என்று அம்மா பொங்கல் பானையைத் துலக்கி வைத்திருக்கிறாள். நம் ரேஷன் அரிசியைத் தேவானைக்குக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோதுமைதான் பொங்கும். மிச்சம் வைத்தாலும் பரவாயில்லை, எருமைகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அப்பா