ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருந்த டப்பா

பாய்,

போன செவ்வாய்க்கிழமை சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கேட்டின் கம்பி ஒன்று உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தது. அதே கனத்தில் வேறொன்று வேண்டியிருந்தது. அந்தத் தெருவுக்குள் போனால் டயரில் ஒரு துண்டு இரும்பாவது ஏறும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஏறியது. பஞ்சர் கடைக்காரர் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். அது கிடந்த பள்ளத்தின் ஓரத்தில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று செருகியிருந்தது. அவரே பிரித்தார். காலி இன்ஜின் ஆயில் டப்பா.

"இன்னா ஆயா, காலி டப்பாவ புதையல் மாரி பொத்தி வெச்சிகினு கீற? கடாசிடவா?"

முன்பின் தெரியாதவர் ஆயா என்று அழைத்தால் நான் சும்மா விடுகிறவள் இல்லை. அன்று விட்டுவிட்டேன். டப்பாவைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பினேன். அடியில், நட்டநடுவில், ஸ்க்ரூடிரைவரால் குத்திய ஓட்டை. வாயை மூடியிருந்த சீல் தாள்கூட நாலாக மடித்து அந்தப் பொட்டலத்திலேயே இருந்தது.

இப்போது அது சமையலறை ஜன்னலில் இருக்கிறது. இரண்டு வருடம் ஆகியும் எண்ணெய் வாசனை போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கார் வாங்கிய நாளிலிருந்து பதினேழு வருடம் அதில் கை வைத்த மெக்கானிக் நீங்கள் ஒருவர்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உங்கள் ஷெட் இருந்தாலும் ஆயில் மாற்ற மட்டும் எங்கள் வீட்டுக்கே வருவீர்கள். அப்படி ஏற்பாடு செய்தவர் என் கணவர். துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் இருந்தவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். புது டப்பாவின் சீலை அவர் எதிரில் உடைக்க வேண்டும். காலியானதும் அடியில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை இல்லாத டப்பாவைப் பழைய சாமான் கடையில் வாங்கிப்போய், ஏதோ ஒரு எண்ணெயை நிரப்பிப் புதிது என்று விற்கிறார்கள் என்பார். அவர் போன பிறகு அந்த ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் என் கைக்கு வந்தன. ஓட்டை பக்கவாட்டில் இருந்தால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். டேப் ஒட்டி அடைத்துவிடலாம் அல்லவா? அடியில்தான் வேண்டும்.

"சாரே தேவல," என்றீர்கள் ஒருமுறை. "அவரு பாத்துகினு மட்டும் இருந்தாரு. நீங்க போலீஸ் மாரி நிக்கிறீங்க."

அவர் இருந்தவரை உங்களுக்கு நான் மேடம். அவரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் தொப்பியோடு ஒதுங்கி நின்றிருந்தீர்கள். எல்லோரும் போன பிறகு அருகில் வந்து, "அக்கா, வண்டிய வித்துடாதீங்க. நான் பாத்துக்கிறேன்," என்றீர்கள். அன்றிலிருந்து அக்கா. என்னைக் கேட்காமல் நீங்கள் மாற்றிக்கொண்டது அது. நான் திருத்தவில்லை. உங்கள் பேச்சில் நான் திருத்தாமல் விட்டது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"கீது இல்லை பாய், இருக்கிறது."

"கீதுன்னா இல்லாம பூடுமா? கான்வென்ட்ல இங்கிலீசு படிச்சவங்க நமக்குத் தமிழு சொல்லித் தராங்க, பாரு."

மற்ற இடங்களில் பத்து நிமிடத்தில் ஆயிலை இறக்கிவிட்டுப் புதியதை ஊற்றிவிடுவார்கள். நமக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பழைய எண்ணெயில் ஒரு சொட்டுகூட உள்ளே தங்கக்கூடாது என்பது என் கட்டளை. அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, கீழே பேசின் ஒன்றை வைத்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் நீங்கள் உட்காருவீர்கள். நான் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டுக்கொள்வேன். முதலில் தாரையாக விழும், பிறகு நூலாக, பிறகு சொட்டுச்சொட்டாக. டீ கொண்டுவருவேன். நோன்பு மாதமாக இருந்தால் நானும் குடிக்கமாட்டேன். நீங்கள் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல இருப்பீர்கள். உங்கள் மகளின் பிரசவம், என் முழங்கால், காசிமேட்டில் மீன் விற்கிற விலை என்று பேசிக்கொண்டிருப்போம். "நின்னுச்சா?" என்று குனிந்து பார்ப்பீர்கள். "இன்னும் ஒன்று வருகிறது," என்பேன். உண்மையைச் சொன்னால், சில தடவை அது நின்ற பிறகும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

வருடத்துக்கு இரண்டு முறை அந்த முக்கால் மணி நேரம். தவக்காலம் தொடங்கும் முன் ஒன்று, மாதா திருவிழாவுக்கு முன் ஒன்று. நான் அதை எதிர்த்து வாதாடியிருக்கிறேன்.

"கம்பெனிப் புத்தகத்தில் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று போட்டிருக்கிறான். நான் வருடத்துக்கு இரண்டாயிரம்கூட ஓட்டுவதில்லை. எதற்கு ஆறு மாதம்?"

"அதுக்குத்தான் ஆறு மாசம். அவன் எழுதனது ஹைவேல ஓடற புது வண்டிக்கு. நீங்க எங்க போறீங்க? கோயிலு, பேங்கு, மார்க்கெட்டு. இன்ஜின் சூடாவறதுக்குள்ள ஆஃப் பண்ணிடறீங்க. உள்ள வேர்த்த தண்ணி அப்படியே நிக்கும், எண்ணெயோட கலந்துக்கும். போதாததுக்குக் கடக்காத்து, கன்டெய்னர் லாரி தூசி. அஞ்சாயிரம், இல்லனா ஆறு மாசம். எது மொதல்ல வருதோ அது."

"அப்போது எனக்கு அஞ்சாயிரம் வரவே வராது."

"ஊட்டாண்டயே குந்திகினு இருந்தா எப்டி வரும்? எங்கனா போய் வாங்க."

கடைசியாக நீங்கள் மாற்றியபோது நான் வீட்டில் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துவிட்டார்கள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தேன். அன்றுதான் முதல்முறையாக சிந்தெடிக் ஆயில். இன்ஜினுக்கு வயதாகிவிட்டது, இனி அதுதான் நல்லது என்று நீங்கள் பல மாதம் சொல்லி நான் சம்மதித்தது. பக்கத்தில் யாரும் நிற்காமல் நீங்கள் செய்த ஒரே ஆயில் மாற்றமும் அதுதான்.

மூன்று வாரம் கழித்து, வழக்கம்போல ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, என் கணவருடைய வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தேன். கறுப்பு. முன்பெல்லாம் சாதாரண எண்ணெய்கூட இரண்டு மாதம் தேன் நிறத்தில் இருக்கும். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கைக்குட்டையை மடித்துவைத்துக்கொண்டு, உங்களுக்கு போன் செய்து வரச்சொன்னேன்.

வந்தீர்கள். கைக்குட்டையை விரித்துக் காட்டினேன். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்ததுதான் எனக்கு முதலில் பொறுக்கவில்லை.

"கருக்கத்தான் செய்யும் அக்கா. உள்ள இருக்கிற கசட எல்லாம் எடுக்குது. மொத தபா அப்டித்தான். மூணு மாசத்துல இத எறக்கிட்டு வேற ஊத்திடலாம், அப்பறம் ஆறு மாசம்."

கசடு. என் இன்ஜினில். தினமும் துடைத்து, சொன்ன தேதியில் எண்ணெய் மாற்றி, பதினேழு வருடம் வைத்திருந்த வண்டிக்குள் கசடு என்று என் வாசலில் நின்று சொல்கிறீர்கள். அதோடு மூன்று மாதத்தில் மறுபடியும் மாற்ற வேண்டுமாம். நான் இல்லாத நாளில் பழைய எண்ணெயை விட்டுவிட்டீர்கள் என்றேன். புது டப்பா எங்கே போனது என்று கேட்டேன். நீங்கள் டிக்கிப் பக்கம் நடந்தீர்கள். கருவிகளை எடுத்துக்கொண்டு புறப்படுகிறீர்கள் என்று நினைத்தேன்.

"வண்டியைத் தொடாதீர்கள்," என்றேன்.

கை அப்படியே நின்றது. "அக்கா, ஒரு நிமிசம் —"

"என்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு, எங்கே வைப்பது என்று தெரியாதது போல, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டீர்கள். "சரி மேடம்," என்றீர்கள். போர்ட்டிகோவிலிருந்த வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனீர்கள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று மாதத்திலும் மாற்றவில்லை, ஆறு மாதத்திலும் மாற்றவில்லை. புத்தகத்தில் போட்டிருந்தபடி ஒரு வருடம் முடிந்த பிறகு பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்கு ஓட்டிப்போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்காரச் சொன்னார்கள். அந்தப் பக்கம் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அவர்களும் சிந்தெடிக்தான் ஊற்றினார்கள். ஒரு மாதத்தில் அதுவும் கறுத்தது. அதே கைக்குட்டையோடு சண்டைக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த நடுவயதுப் பெண்மணி பொறுமையாக, "பழைய இன்ஜின் மேடம். சிந்தெடிக் ஊத்தினா உள்ள படிஞ்சிருக்கிற அழுக்கை எல்லாம் கரைச்சு எடுத்துடும். கறுப்பானா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். முதல் தடவை ஊத்தினப்ப மூணு நாலு மாசத்துல மாத்தியிருந்தா இப்ப இவ்வளவு வராது. உங்க பழைய மெக்கானிக் சொல்லலையா?" என்றார்.

சொன்னார் என்றேன்.

அங்கிருந்து நேராக உங்கள் ஷெட்டுக்கு வந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே ஓட்டினேன். மன்னிப்பு என்ற சொல்லை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்றுகூட யோசித்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டில் துரு ஏறியிருந்தது. பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா, கரண்டியோடு வெளியே வந்தார்.

"பாயைத் தேடறியா? தெரியாதா ஒனக்கு? மவுத்தா பூட்டாரே. நாலு மாசம் ஆவுது. ஜொரம்னு ஒரு வாரம் படுத்தாரு, அவ்ளோதான்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இன்ஜினை அணைக்கவும் தோன்றவில்லை. அந்த அம்மா குனிந்து காரைப் பார்த்தார்.

"இந்த வண்டி தானே அது? ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம இந்தப் பக்கம் போவ சொல்ல, பாய் வேலைய வுட்டுட்டு ரோட்டுக்கு வந்து நிப்பாரு. 'அக்கா வண்டி போவுது, சத்தம் சுத்தமா கீது'ன்னுவாரு. 'இன்னும் எண்ணெ மாத்தல போலகீதே, பொகயுது'ன்னு ஒரு நாளு பேஜாராயிட்டாரு. நிறுத்திச் சொல்றதுதானேன்னேன். 'தொடாதன்னுட்டாங்க'ன்னாரு."

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து என் கணவரின் கல்லறைக்குப் பூ வைக்க அந்தச் சாலையில்தான் போவேன். உங்கள் ஷெட் வரும் இடத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வேகமாகத் தாண்டுவேன். நீங்கள் என்னைப் பார்க்கக்கூடாது என்று. நீங்கள் என்னைப் பார்க்கவில்லைதான் பாய். வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அது போன வருடம். என்னை நானே ஓரளவு மன்னித்துக்கொண்டுவிட்டதாக நினைத்திருந்தேன். கலர் விஷயம் யாருக்கும் தெரியாததுதான், பார்த்தால் யாராக இருந்தாலும் சந்தேகப்படுவார்கள்தான் என்று. செவ்வாய்க்கிழமை அந்த டப்பா கைக்கு வந்தது. நீங்கள் டிக்கிப் பக்கம் ஏன் நடந்தீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வீட்டில் இல்லை, நிற்பதற்கு ஆள் இல்லை. ஆனாலும் சீலை உடைத்து, தாளை மடித்து வைத்து, அடியில், நான் கேட்கிற இடத்தில், ஓட்டை போட்டு எனக்காக எடுத்து வைத்திருக்கிறீர்கள். இரண்டு வருடமாக அந்தப் பதிலைச் சுமந்துகொண்டே ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறேன்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். "சிந்தெடிக்தானே மேடம், வருஷத்துக்கு ஒண்ணு போதும்," என்று அந்தப் பெண்மணி ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். ஆறு மாதம் என்கிறேன். காரணம் சொல்வதில்லை. நன்றாக வடியட்டும், எனக்கு அவசரம் இல்லை என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொட்டு தெரிவதில்லை. பேச ஆளும் இல்லை. முக்கால் மணி நேரம் எவ்வளவு நீளமானது என்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். கறுப்பு நிறத்தைக் கண்டு இப்போது பயமில்லை. கைக்குட்டையை மட்டும் துவைக்கவில்லை.

நேற்று ஞாயிறு. உங்கள் ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வழக்கமாக இப்போது செய்வதைப் போல, அதற்கு நூறு அடி முன்னாலேயே கண்ணாடியை முழுதாக இறக்கி, இரண்டாவது கியருக்கு வந்து, ஓரமாக, மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டு, "இன்னா ஆயா, ஊர்வலமா?" என்று கத்தினார். கத்தட்டும். இட்லிக் கடை அம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

ஆயில் மாற்றிப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது பாய். புகை இல்லை. சத்தம் சுத்தமாக கீது.

உங்கள் அக்கா