முதலில் கிணறு

மச்சான்,

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் குளோரின் மணம் போகவில்லை. இன்று காலை கல்லடியில் உங்கள் வீட்டுக் கிணற்றை இறைத்தேன். போன கிழமை வெள்ளம் கிணற்றின் கட்டுச் சுவரையும் தாண்டி உள்ளே போயிருந்தது. உன் அப்பாதான் கூப்பிட்டார்.

நாம் விளையாடிய அந்தக் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தபோது நீ பிடித்த சண்டைதான் ஞாபகம் வந்தது. உலகம் அழிந்து பல காலத்துக்குப் பிறகு நடக்கும் கதை. முதல் பாகத்தில் சின்ன ஊர்தான், ஆனால் அடுப்பு புகைந்தது, கொடியில் துணி காய்ந்தது. இரண்டாவதில் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம், விதவிதமான துவக்குகள், சண்டைகள். ரசிகர் குழுவில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நீ மட்டும், "இந்த வீட்டில இவ்வளவு காலமா சனம் இருக்காம். கிணத்துக்குள்ள இடிஞ்ச கூரை அப்படியே கிடக்கு. என்னத்தக் குடிக்கிறாங்க?" என்று எழுதினாய்.

"ப்ரோ, இது கேம். கிணத்தையெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்றான் சென்னைக்காரன் ஒருவன். நீ விடவில்லை. அந்த உலகத்தில் பாழாய்க் கிடந்த கிணறுகளையெல்லாம் தேடித் தேடிப் படம் போட்டாய். அவன்தான் உனக்குக் கிணத்து அண்ணன் என்று பட்டம் வைத்தான்.

ஏன் கிணறு என்று எனக்கு மட்டும்தான் சொன்னாய். உன் அம்மாவைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு, முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று உன் அப்பா அழவில்லை. வாளியை எடுத்தாராம். "மனிசன் முதல்ல கிணத்தத்தான் இறைப்பான் மச்சான். மறுகாதான் துவக்கும் சண்டையும்" என்றாய்.

"இத அங்க எழுதன்டா, எல்லாரும் வாயை மூடுவாங்க" என்றேன்.

"அம்மாவச் சொல்லி ஒரு சண்டையில வெல்ல எனக்கு ஏலா."

காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ, வரவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. குழுவுக்கு நான் சொல்லவேயில்லை. "கிணத்து அண்ணன் எங்க? ஆளையே காணோம்" என்று அந்தச் சென்னைக்காரன் கேட்டுக்கொண்டே இருந்தான். அங்கே மட்டும் நீ சாகவில்லை, பதில் போடச் சுணங்குகிறாய், அவ்வளவுதான். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

இன்று நான் பம்பைப் போட்டு ஒரேயடியாக இறைக்கப் போனேன். "மெல்ல மகன். அவசரப்பட்டா கீழ இருந்து உப்பு ஏறிரும், மறுகா குடிக்க ஒண்ணா" என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, "அவனுக்குத் தெரியும்" என்றார். தண்ணீர் தெளிந்ததும் குளோரின் கரைத்து ஊற்றிவிட்டு வந்தேன்.

வந்ததும் குழுவில் எழுதினேன்: "கிணத்து அண்ணன் இனி வரமாட்டான். காய்ச்சல்ல போயிட்டான். அவன் சொன்னதுதான் சரி."

சென்னைக்காரன் ஒரு படம் போட்டான். இரண்டாம் பாகத்தின் ஏதோ ஒரு மூலையில், கயிறும் வாளியுமாக, சுத்தமான ஒரு கிணறு. "அண்ணன்கிட்ட காட்டி ஜெயிக்கணும்னு தேடித் தேடி எடுத்து வச்சிருந்தேன்" என்று எழுதியிருந்தான். அடுத்து, "அவருக்கு ஏன் கிணறுன்னா அப்படி?" என்று கேட்டான்.

நான் சொல்லவில்லை மச்சான். அது என்னிடம் இருக்கிறது.