ஃபின்டன் கேட்ட வார்த்தை

ராத்கெல்லி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் கிரான்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், உங்கள் பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்று காலையில் பூசையில் வேண்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உனக்கு இன்னும் இரவு வேலைதானா, பகலில் ஜன்னலை மூடிக்கொண்டாவது தூங்கு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஓடாமல் உட்கார்ந்து சாப்பிடு. உடம்பைப் பற்றித்தான் எழுதினேன், மனதைப் பற்றி எழுதவில்லை, அது நன்றாக இல்லை. உன் அண்ணன் ஃபின்டன் உனக்குப் போன் செய்ததை அவன் மனைவி ஓர்லா சொன்னாள். தலையில் அடிபட்ட பெண் எழுந்து நின்று பேசினால் அவள் நன்றாக இருக்கிறாள் என்றுதானே யாரும் நினைப்பார்கள், நீ நர்ஸ், நீயே சொல்லு என்று உன்னிடம் கேட்டானாமே. நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் நான் பார்த்ததை நீ என்னிடமிருந்தும் கேட்க வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பெண்கள் கால்பந்து கிளப்புக்கு இது ஐம்பதாவது ஆண்டு என்று உனக்குத் தெரியும். விருந்தில் நான் எழுந்து பழைய கதையைச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு, இப்போது விருந்தே இல்லை, அதனால் அந்தக் கதையை உனக்காவது சொல்லிவிடுகிறேன், இதில் பாதி உனக்கே தெரியாது. அப்போது நாங்கள் எல்லோரும் செருப்பு ஆலையில் தையல் பிரிவில் இருந்தோம், எனக்குப் பக்கத்து மெஷின் செப்டா ஹெர்ன். ஆலையின் விளையாட்டு விழாவில் தோல் வெட்டும் பிரிவு ஆண்களோடு மோத வர வேண்டிய அணி வரவில்லை. செப்டா எழுந்து நாங்க வர்றோம் என்றாள். ஆண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒருத்தன், பாவாடை கிழிஞ்சா தைச்சுக்கவாவது உங்களுக்குத் தெரியும் என்றான், அதற்கு அவள், உங்க மூஞ்சி கிழிஞ்சாலும் நாங்களே தைச்சு விடுறோம், கவலைப்படாம வாங்க என்றாள். தோற்றுத்தான் போனோம், ஆனால் ஆட்டம் முடியும்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை. உன் அப்பா அன்றைக்கு எதிரணி. என் மேல் மோதி விழுந்து எழுந்தவர், மறுவாரம் நாங்கள் பந்தை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைந்தபோது கூடவே அலைந்தார். ஊர் ஆண்கள் கிளப் மைதானம் தர மாட்டோம் என்றது, பொம்பளைங்க ஓடினா புல்லு கெட்டுப்போயிடும் என்று காரணம் வேறு. கடைசியில் ஒரு விவசாயி மாடு மேயும் நிலத்தைக் கொடுத்தார், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மண்வெட்டியால் சாணியை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் கோடு போடுவோம். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் எங்களை இழுத்தார், கால் தெரிய ஓடுகிற பெண்கள் நாளை எந்த வீட்டை நடத்தப்போகிறார்கள் என்று. கோவிலை விட்டு இறங்கும்போதே செப்டா சொன்னாள், அடியே, கிளப்புக்குப் புனித பிரிஜிட் பேரை வச்சிடுவோம், அந்த அம்மாவைத் திட்ட இவருக்கு வாய் வராது என்று. பிரிஜிட் ரோவர்ஸ் அப்படிப் பிறந்ததுதான். நீ பல் விழுந்த வயதில் போட்டுக்கொண்டு ஆடிய பச்சை ஜெர்சிக்கு அதுதான் கதை.

இன்னொன்று இருக்கிறது, நான் சொல்ல வந்ததற்கு அதுதான் முக்கியம். சில வருஷம் கழித்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆண்கள் கிளப்பில் பேர் வாங்கின ஒருவர் வந்தார், எங்களுக்கு ஒரே பெருமை. லிமெரிக்கில் கோப்பைக்கான அரையிறுதி. செப்டா கையை ஊன்றி விழுந்தாள், மணிக்கட்டு ஒடிந்துவிட்டது, அது தொங்கின விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த மனுஷன் ஒரு துண்டால் கட்டிவிட்டு, கால்பந்துல கையால தொடவே கூடாது, அப்புறம் உனக்குக் கை எதுக்கு, போய் ஆடு என்றார். அவள் முகம் வெளுத்துப்போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் நடந்து கோட்டுக்கு வெளியே போனேன், என் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் ஒருத்தி, எல்லோரும் போய்விட்டோம். கோப்பை போயிற்று. திரும்பி வரும் பேருந்தில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த செப்டாதான், எவளாச்சும் பாடுங்கடி, கை வலிக்குது என்றாள். அன்றிலிருந்து எங்கள் கிளப்பில் ஒரு சட்டம், ஆடுகிறவள் முடியவில்லை என்று சொன்னால் அவள் வெளியே, இரண்டாவது முறை யாரும் கேட்கக் கூடாது. ஃபின்டன் பயிற்சியாளராக வந்த நாளில் அவனை நிற்கவைத்து இதைச் சொன்னதும் செப்டாதான், அவனுடைய ஞானத்தாய் அல்லவா, காதைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

உன் அண்ணன் கெட்டவன் என்று நான் எழுதவில்லை கிரான்யா. கைக்குழந்தையாக அந்தக் கோட்டோரத்தில் கிடந்தவன், யாரும் வராதபோது தானாக வந்து இந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டான், மழையில் வலை கட்டினான், தன் வண்டியிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனான். லிமெரிக்குக்குப் பிறகு இந்த வருஷம்தான் நாங்கள் மறுபடி அரையிறுதிக்கு வந்தோம், ஐம்பதாவது வருஷத்தில் கோப்பையைக் கொண்டுவர வேண்டும் என்று அவனுக்கு ஒரே வெறி. குளோடா பவரை உனக்கு நினைவிருக்காது, நீ கிளம்பும்போது சின்னப் பெண், அம்மா பிரீடாவுக்கு ஒரே மகள், இந்த வருஷம் பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டியவள், தடுப்பு ஆட்டத்தில் சுவர் மாதிரி நிற்பாள். பந்துக்காக எழும்பினபோது எதிரணிப் பெண்ணின் தலையும் இவள் தலையும் மோதின. அந்தச் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கிடந்தாள், எழுந்தாள். ஃபின்டன் ஓடிப்போய்க் கோட்டுக்கருகே கூட்டிவந்தான், எனக்கு நேர் எதிரே. கோச், எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது என்றாள். இவன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு, ரெண்டு பந்துல எது கிட்ட வருதோ அதை உதை என்றான். அவள் சிரித்தாள், பாவம், அவன் சொன்னதற்காகச் சிரித்தாள். நான் கத்தினேன், டேய் ஃபின்டன், புள்ளைய வெளிய கூப்பிடுடா என்று. திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மா, இது உங்க மாட்டுக் கொல்லை இல்ல, பேசாம நில்லுங்க என்றான். நடுவரிடம் கட்டை விரலைக் காட்டி அவளை உள்ளே அனுப்பினான். ஜெயித்தோம். பெண்கள் எல்லாம் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்திக்கொண்டிருந்தபோது குளோடா மட்டும் தனியாக மைதானத்தின் அந்தக் கோடியைப் பார்த்து நடந்துபோனாள், யாரையோ தேடிப்போவது மாதிரி, நடந்து நடந்து அப்படியே சரிந்துவிட்டாள்.

தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது, அறுவை இல்லாமலே நின்றுவிட்டது, மாதாவுக்கு நன்றி. ஆனால் வீட்டில் திரை போட்ட அறையில் கிடக்கிறாள், வெளிச்சம் பட்டால் வாந்தி, படிக்க முடியவில்லை, பேசும்போது சாதாரணச் சொல் வராமல் தவிக்கிறாள். தேர்வு இந்த வருஷம் இல்லை. பந்து இனி எப்போதுமே இல்லை என்கிறார் டாக்டர். மோதினதற்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. ஃபின்டன் கமிட்டியிடம், நல்லாத்தான் இருக்கேன்னு அவளே சொன்னா என்று சொல்லிவிட்டான். அவள் சொன்ன வார்த்தையைக் கேட்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், அவனும் நானும்.

கமிட்டி இதை விசாரிக்கக் கூட்டிய கூட்டத்துக்கு முதல் நாள் ஃபின்டன் வீட்டுக்கு வந்தான். டீ போட்டு வைத்தேன், தொடவில்லை. அம்மா, நீங்க பொய் சொல்ல வேணாம், காத்து அடிச்சது, கூட்டம் கத்துச்சு, சரியாக் கேக்கலன்னு சொன்னாப் போதும் என்றான். நீ கேட்டியா இல்லையாடா என்றேன். பாத்திரம் கழுவும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான், அப்புறம், அந்தக் கோப்பைய உங்க கையிலயும் செப்டா கையிலயும் குடுக்கணும்னுதான்மா என்று சொல்லி அழுதான். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவன் போனதும் உன் அப்பா, பெத்த புள்ளைய ஊருக்கு முன்னாடி நீயே நிறுத்துவியா என்று கேட்டார். பிரீடாவும் பெத்தவதான் என்றேன். அவர் எழுந்து நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கூட்டத்தில் சொன்னேன். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. ஃபின்டன் எழுந்து, அம்மாவுக்கு வயசாச்சு, காது மந்தம், ஊருக்கே தெரியும் என்றான். ஒருத்தர் இருமினார். தலைவர் நாற்காலியில் செப்டா உட்கார்ந்திருந்தாள், அந்தக் கை இப்போதும் முழுசாகத் திரும்பாது. டேய், ஞானஸ்நானத்துல உன்னைத் தூக்கிப் பிடிச்சவ நான், அந்தப் பொண்ணு ரெண்டா தெரியுதுன்னு சொன்னாளா இல்லையா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு என்றாள். அவன் பார்க்கவில்லை. கதவைத் திறந்து போய்விட்டான். அன்றோடு அவனைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், இறுதி ஆட்டத்துக்குப் போக மாட்டோம் என்று பெண்களே முடிவெடுத்துவிட்டார்கள். அதற்கும் சேர்த்து என் மேல்தான் கோபம், பெண்களின் அப்பாக்கள் சிலர் கடையில் என்னைப் பார்த்தால் அடுத்த வரிசைக்கு நகர்கிறார்கள், சொந்தப் பையனையே காட்டிக் குடுத்தவ என்று ஒருத்தி என் காது படவே சொன்னாள், அது நன்றாகவே கேட்டது. ஃபின்டன் அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. பேரனைக் கோவிலில் அந்தப் பக்க வரிசையில் பார்க்கிறேன், கையசைக்கிறான், ஓர்லா தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் செய்தது சரிதான் என்று பகலில் தெரிகிறது, அவனுக்குப் பிடித்த ஆப்பிள் பணியாரம் செய்ய மாவை எடுத்துவிட்டு யாருக்கு என்று நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை பிரீடா வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னாள். ஃபின்டன் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். அவள் உள்ளே விட மாட்டேன் என்று கதவை மறித்திருக்கிறாள், சத்தம் கேட்டு குளோடாவே சுவரைப் பிடித்துக்கொண்டு நடைக்கு வந்துவிட்டாள். இவன் அங்கேயே வாசற்படியில் நின்று, நீ என்கிட்ட சொன்னே குளோடா, எல்லாம் ரெண்டாத் தெரியுதுன்னு சொன்னே, நான் கேட்டேன், கேட்டுட்டும் அனுப்பினேன் என்றானாம். அந்தப் பெண் அவன் முகத்தையே பார்த்தாளாம். அப்புறம், அப்போ நான் சொன்னேனா, நான்தான் சொல்லாம விட்டுட்டேன், எல்லாம் என் தப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் என்று சொல்லி உட்கார்ந்து அழுதிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து சரியாகத் தூங்காதவள் அன்றைக்குத் தூங்கினாளாம். நான் அவனை மன்னிக்கல டிம்ப்னா, மன்னிப்பேன்னும் சொல்லல, உனக்குத் தெரியணும்னு வந்தேன் என்று சொல்லிவிட்டு பிரீடா போய்விட்டாள். இதை ஃபின்டன் எனக்குச் சொல்லவில்லை. அவனாக வந்து சொல்லும்வரை எனக்குத் தெரிந்ததாக நானும் காட்டிக்கொள்ளப்போவதில்லை. நீயும் காட்டிக்கொள்ளாதே.

அவன் உன்னை மறுபடி கூப்பிடுவான். அம்மா செய்தது சரி என்று எனக்காகப் பேசாதே, அவனுக்காகவும் பேசாதே, சாப்பிட்டியா என்று கேள், தூங்குகிறாயா என்று கேள், அவன் பேசினால் கேட்டுக்கொண்டிரு. அங்கே விடிந்திருந்தாலும் சரி, நீ வேலை முடிந்து அப்போதுதான் கண்ணை மூடியிருந்தாலும் சரி, போனை எடு. கடலில் தனியாக நீந்தப் போகாதே. மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும், புனித பிரிஜிட் உன் வீட்டு அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்ளட்டும். அப்பா இந்தக் கடிதத்தைப் படித்தார், தபால்தலை ஒட்டியது அவர்தான்.

என்றும் உங்கள் இருவருக்கும்
அம்மா,
டிம்ப்னா.